ப்ளஸ் ஒன் மாணவிகளுக்கு ரோடு ரேஸ், டிராக் ரேஸ்: காரைக்குடிப் பக்கம் எப்படித் தொடங்குறது?

பி.இ.டி. கானாடுகாத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். அரசுப் பள்ளி மாணவிகள் மூணு பேர், வயசு 16, 17. உயரம் 152, 158, 163 செ.மீ. இப்போதைக்குக் கையில இருக்கிறது அரசு கொடுத்த இலவச சைக்கிள்தான். செப்டம்பர்ல அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டி வருது. 17 வயசுக்குட்பட்ட மாணவிகளுக்கு 15 கி.மீ. அதை முடிச்சிட்டு மாநில அளவுல ரோடு ரேஸ், முடிஞ்சா டிராக்குக்கும் அனுப்பணும்னு எண்ணம்.

கேள்விகள்:
1. அண்ணா போட்டிக்கு இந்தச் சாதாரண சைக்கிளையே எப்படித் தயார் பண்றது?
2. நன்கொடையா 45,000 ரூபாய் இருக்கு. ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கி மூணு பேரும் ஓட்டலாமா?
3. சீட்டு வலிக்குதுன்னு மூணு பேரும் சொல்றாங்க. சீட்டை மாத்தணுமா, உட்காரும் முறையை மாத்தணுமா?
4. பக்கத்துல வெலோட்ரோம் (சரிவான வளைவு வச்ச சைக்கிள் டிராக்) இல்லை. டிராக்குக்கு எப்படிப் பழக்குறது?
5. போட்டி அன்னிக்கு என்னென்ன காரணத்துக்குத் திருப்பி அனுப்புவாங்க?

விவரம் தெரிஞ்சவங்க விரிவாவே எழுதுங்க. படிச்சுப் பிள்ளைகளுக்கும் காட்டுவேன்.

---

தேவகோட்டை சைக்கிள் கடை:

டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் இப்போ பதில் சொல்றேன். அதுலயே நிறைய இருக்கு.

அண்ணா போட்டியில கியர் சைக்கிளை விடமாட்டாங்க. இந்தியாவுல தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்டணும். அதனால எல்லாருக்கும் வண்டி ஏறக்குறைய ஒண்ணு. யார் வண்டி லேசா உருளுதோ அவங்களுக்கு லாபம்.

ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளுங்க. நிக்கிறப்போ ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி வால்வு பக்கம் கீழே வந்து நிக்கணும். டக்குனு நின்னுட்டா கோன் (ஹப்புல பால்ஸை அழுத்திப் பிடிக்கிற கூம்பு) இறுகிப் போச்சுன்னு அர்த்தம். ரெண்டு ஹப்பையும் பிரிச்சு மண்ணெண்ணெயில கழுவி, பால்ஸை மொத்தமா மாத்திடுங்க. பழசுல பாதி, புதுசுல பாதின்னு கலக்கவே கூடாது. அளவு நூல் அளவு மாறினாலும் பாரம் முழுக்கப் பெரிய பால்ஸ் மேலயே விழும், கோன்ல குழி விழும். பெரும்பாலும் முன்னாடி 3/16 அங்குலம், பின்னாடி 1/4 அங்குலம். கழட்டுறப்போ எத்தனைன்னு எண்ணி வச்சுக்கங்க. கோனைப் பூட்டும்போது துளி ஆட்டம் விட்டுப் பூட்டணும். நட்டை இறுக்கினதும் அந்த ஆட்டம் தானா அடங்கிடும். ஆட்டமே இல்லாமப் பூட்டினா நட்டை இறுக்கினதும் சக்கரம் பிடிக்கும்.

செயினை ஸ்கேல் வச்சு அளங்க. ஒரு பின்லேருந்து எண்ணி 24 பின் தள்ளி 304.8 மி.மீ. இருக்கணும். 308-ஐத் தொட்டுட்டா புதுசு மாத்துங்க. எண்ணெய் விட்டதும் துணியால துடைச்சிடணும். நம்ம ஊர் செம்மண் தூசி எண்ணெயோட சேர்ந்தா உப்புத்தாள் மாதிரிதான், பல்லை அரைச்சிடும்.

பெடல் கையை அச்சோட பூட்ட கோட்டர் பின் போட்ட வண்டின்னா மிதிக்கிறப்போ ஒரு பக்கம் மட்டும் ‘டொக்’ வருதான்னு பாருங்க. வந்தா பின் தேஞ்சிருக்கு. சுத்தியலால அடிச்சு இறுக்கி ஓட்டாதீங்க, 15 கி.மீ. தாங்காது. புது பின் போட்டு, 20 கி.மீ. ஓட்டினதும் நட்டை இன்னொரு தடவை இறுக்கணும்.

வால்வுக்குள்ள இருக்கிற வால் டியூப் ரப்பரைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி மாத்துங்க. பழைய வால் டியூப் காத்தை மெதுவா விடும். காலையில அடிச்சது ஸ்டார்ட்டிங் வர்றதுக்குள்ள பாதி ஆயிடும். டயர் வாங்கும்போது 26 x 1 3/8-னு மட்டும் கேக்காதீங்க. அந்தப் பேர்ல 590, 597-னு ரெண்டு ரிம் அளவு இருக்கு. பழைய டயர் பக்கவாட்டுல இருக்கிற நம்பரைப் பார்த்து அதையே வாங்குங்க. காத்தும் பக்கவாட்டுல போட்டிருக்கிற உச்ச அளவுக்கு அடிக்கலாம். மெல்லமா அடிச்சு ஓட்டுறதுதான் பிள்ளைங்க இழக்கிற முதல் வேகம்.

கூடை, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் கழட்டலாமான்னு நடத்துறவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டுக்கங்க. ஆடுற மட்கார்டை மட்டும் எப்படியும் இறுக்கிடுங்க.

கியர் கணக்கு: இந்த வண்டிகள்ல பெரும்பாலும் முன்னாடி 44 பல், பின்னாடி 18. பெடல் ஒரு சுத்துக்குச் சுமாரா 5.06 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 90 சுத்து மிதிச்சா மணிக்கு 27 கி.மீ., 100 சுத்துக்கு 30 கி.மீ. வேகம் வேணும்னு ஃப்ரீவீலை (பின் பல்சக்கரம்) 16 பல்லா மாத்துறவங்க உண்டு. கால் பழகாத பிள்ளைக்கு அது ஸ்டார்ட்டிங்லயும் எதிர்காத்துலயும் அடிக்கும். 18-ஐ வச்சே 100 சுத்து மிதிக்கப் பழக்குங்க. பின்னாடி டிராக்குக்கும் அதுதான் வேணும்.

---

ரோலர் அக்கா:

டீச்சர், சீட்டு வலிக்குக் காரணம் பாதி நேரம் சீட்டே இல்லை, உயரம்தான். ரெண்டு காலும் தரையில படணும்னு பெண்பிள்ளைகளுக்குச் சீட்டைத் தாழ்த்தி வச்சுடறோம். கால் மடங்கியே இருக்கிறதால பெடல் மேல பாரம் இறங்காம, உடம்பு மொத்தமும் சீட்டு மேல உட்காருது. முட்டி வலியும் அதனாலதான்.

அளவு எடுக்கிற முறை: செருப்பில்லாம சுவரோரம் நிக்கச் சொல்லுங்க. தொடை நடுவுல ஒரு கெட்டி அட்டை நோட்டைச் சீட்டு அழுத்துற அளவுக்கு மேலே தூக்கி, நோட்டோட மேல் விளிம்புலேருந்து தரை வரை அளக்கணும். அதை 0.883-ஆல பெருக்குங்க. பாட்டம் பிராக்கெட் (ரெண்டு பெடல் கையும் சுத்துற நடு அச்சு) மையத்துலேருந்து சீட்டோட மேல் பரப்பு வரைக்கும் அந்த உயரம். 69 செ.மீ. வந்தா 60.9, 72-க்கு 63.6, 75-க்கு 66.2. இது தொடக்கப் புள்ளிதான். ஓட்டுறப்போ பின்னாலேருந்து பாருங்க. இடுப்பு இடமும் வலமும் ஆடினா 3 மி.மீ. இறக்குங்க. ஒரேயடியா 2 செ.மீ. ஏத்தாதீங்க, வாரத்துக்கு 5 மி.மீ. போதும்.

உயரம் சரியானதுக்கு அப்புறமும் வலிச்சாத்தான் சீட்டைப் பார்க்கணும். பெண்களுக்கு உட்காரும் எலும்புகளோட இடைவெளி பொதுவா அகலம். பலசரக்குக் கடை அட்டைப்பெட்டியில ஒரு துண்டு வெட்டி மரப்பலகை மேல வச்சு, குதிகாலைத் தூக்கி முன்னால சாஞ்சு உட்காரச் சொல்லுங்க. ரெண்டு குழி விழும். குழி மையத்துலேருந்து மையம் வரை அளந்து, 20-லேருந்து 30 மி.மீ. கூட்டினா அதுதான் சீட்டோட அகலம். மெத்து மெத்துனு ஜெல் சீட்டு வாங்காதீங்க. எலும்பு உள்ளே புதையும், நடுவுல இருக்கிற சதையில அழுத்தம் ஏறி மரத்துப்போகும். நடுவுல பள்ளம் வெட்டின கெட்டி சீட்டுதான் நல்லது. மூக்கு மேல் நோக்கி இருக்கவே கூடாது. சமமாவோ ஒரு டிகிரி கீழாவோ வைங்க.

இதைப் பிள்ளைங்ககிட்டப் பெண் ஆசிரியை நேராவே சொல்லிடணும்: சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டா உள்ளே வேற எதுவும் போடக்கூடாது. உள்ளாடையோட தையல்தான் உரசிப் புண்ணாக்குது. ஒவ்வொரு தடவையும் துவைச்சு வெயில்ல காயப்போடணும். ஈரத்தோட மறுநாள் போட்டா கட்டி வரும். வெறும் ஷார்ட்ஸ் போடத் தயங்குனா மேல லேசான லெகிங்ஸ் போட்டுக்கலாம், வேகம் ஒண்ணும் குறையாது. சுடிதார் பேன்ட்டும் துப்பட்டாவும் வேண்டாம். செயின்ல மாட்டும்.

பயிற்சி ரோட்டுக்கு வரேன். கானாடுகாத்தான்லேருந்து திருமயம் பக்கம் போற திருச்சி-இராமேஸ்வரம் சாலை அகலம், தளமும் நல்லா இருக்கும். ஆனா லாரி, பஸ் போக்குவரத்து அதிகம். விடிகாலை வெளிச்சம் வந்தப்புறம், ஓரக் கோட்டுக்கு உள்ளே, ரெண்டு பேரா, பின்னால ஒரு பைக்கோட மட்டும் போகணும். காரைக்குடி-குன்றக்குடி-பிள்ளையார்பட்டி-திருப்பத்தூர் சாலை இடைவெளிப் பயிற்சிக்கு ஏற்றது. சதுர்த்தி, முகூர்த்த நாள், தைப்பூசத்துக்கு முன்னால பழனி பாதயாத்திரை போற வாரம், இந்த நாளெல்லாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதீங்க. ரோட்டுல நெல்லு, உளுந்து காயப்போடற அறுவடை சமயத்துல ஒரு பக்கம் முழுக்கப் போயிடும். அந்தத் தானியத்து மேல பிரேக் பிடிச்சா வண்டி நிக்காது.

ஏத்தம் நம்ம பக்கம் கிடையாது. குன்றக்குடி மலைக்குப் படிதான், அதுல சைக்கிள் ஏறாது. ரயில்வே மேம்பாலத்தை எட்டு தடவை ஏறி இறங்கலாம். அதுக்குப் பதிலா நமக்குக் கடவுள் கொடுத்தது ஆடிக்காத்து. ஆனி, ஆடியில மேற்கேயிருந்து அடிக்கிறப்போ திருப்பத்தூர் போற வழி முழுக்க எதிர்காத்து, திரும்புறப்போ முதுகுல தள்ளும். திருமயம் ரோடு வடக்கே போறதால அங்கே அதே காத்து பக்கவாட்டுல அடிக்கும். கூட்டத்துல ஓட்டக் கத்துக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. காத்து இடப்பக்கத்துலேருந்து வந்தா பின்னால வர்றவ நேர் பின்னால ஒளியக்கூடாது. முன்னால போறவளோட வலப்பக்கம், அவ பின்சக்கரத்துக்குச் சற்று பின்னால நிக்கணும். முன்சக்கரத்தை அவ பின்சக்கரத்துக்குப் பக்கத்துல நுழைக்கவே கூடாது. அவ கொஞ்சம் ஒதுங்கினா விழுறது பின்னால இருக்கிறவதான். இந்தச் சாய்வு வரிசைக்கு ரோட்டோட பாதி அகலம் வேணும். அதனால இதைத் திருமயம் ரோட்டுல வேணாம், போக்குவரத்து இல்லாத கிராமச் சாலையில மட்டும் பழக்குங்க.

பெண்கள் ரோடு ரேஸ்ல தோக்குறது பெரும்பாலும் கால் வலுவில்லாம இல்லை. கூட்டத்துக்குள்ள பயந்து இருபது மீட்டர் பின்னால தனியா ஓட்டி, காத்தையெல்லாம் தானே வாங்கிக்கிட்டு, கடைசி 3 கி.மீ.யில காலியாகிறாங்க. அடுத்தவ பின்னால ஒரு மீட்டருக்குள்ள ஒட்டி ஓட்டினா உழைப்புல மூணுல ஒரு பங்குக்குப் பக்கமா மிச்சம். அதனால வாரத்துல ஒரு நாள் முழுசா இதுக்கே: பள்ளி மைதானப் புல்லுல, மெதுவா, தோளோட தோள் இடிச்சு, ஒருத்தி தோள்ல மத்தவ கை வச்சு ஓட்டணும். புல்லுல விழுந்தா அடி படாது. அது வந்தப்புறம் ரோட்டுல ஒரு மீட்டர், அப்புறம் அரை மீட்டர். பார்வை முன்னால இருக்கிறவ டயர் மேல இல்ல, அவ தோளுக்கு மேல.

மத்த நாள்ல செவ்வாய் 10 விநாடி முழு வேகம் ஆறு தடவை, நடுவுல 4 நிமிஷம் ஓய்வு. வியாழன் 4 நிமிஷம் கடுமையா, 4 நிமிஷம் லேசா, நாலு சுற்று. ஞாயிறு 50 கி.மீ. பேச முடியுற வேகத்துல. புதன் லேசா ஒரு மணி நேரம். திங்கள், வெள்ளி ஓய்வு. ஓய்வு நாள்ல கபடிக்கு இழுத்துட்டுப் போகாதீங்க டீச்சர், உங்க பி.இ.டி. மனசு தெரியும்.

---

புலி63:

இவ்வளவு எதுக்கு? கியர் வண்டி வாங்கி 52-11 (முன்னாடி 52 பல், பின்னாடி 11) போட்டு மிதிச்சா போதும். டயர்ல 120 பி.எஸ்.ஐ. காத்து அடிச்சா பறக்கும். டிராக் வண்டியையும் ரோட்டுலயே பழகலாம், அதுக்குப் பிரேக்கே வேணாம்.

---

தேவகோட்டை சைக்கிள் கடை:

தம்பி, மூணுமே தப்பு. 52-11 பெடல் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 10 மீட்டர். மணிக்கு 35 கி.மீ.யில போனா நிமிஷத்துக்கு 58 சுத்துதான் மிதிக்க முடியும். அது மாவாட்டுற மாதிரி, முட்டிதான் போகும். டயர் 120 அடிச்சா 50 கிலோ பிள்ளைக்கு நம்ம சரளை ரோட்டுல வண்டி துள்ளும், உருளாது. 25 மி.மீ. டயருக்கு 75-80 பி.எஸ்.ஐ., 28 மி.மீ.க்கு 60-65 போதும். 110-க்கு மேலேங்கிறது வழுவழுப்பான டிராக்குக்கு. பிரேக் இல்லாம ரோட்டுல ஓட்டச் சொல்றதைப் பத்திப் பேசவே வேணாம். ஃபிக்ஸட் வண்டியை (மிதிக்காம உருள விடாத டிராக் வண்டி) ரோட்டுல ஓட்டினா முன் பிரேக் கட்டாயம்.

டீச்சர், இப்போ உங்க ரெண்டாவது கேள்வி. மூணு பேருக்கும் ஒரு வண்டிங்கிறது பயிற்சிக்கும், இடைவெளி விட்டு ஒவ்வொருத்தரா அனுப்பற டைம் ட்ரையலுக்கும் சரி. எல்லாரும் ஒண்ணாக் கிளம்புற ரேஸுக்கு உதவாது. ஆனாலும் முதல் வருஷம் ஒரு நல்ல வண்டிதான் வாங்கணும், மூணு மட்டமான வண்டி வேணாம். 152-லேருந்து 163 வரைக்கும் ஒரே ஃப்ரேம்னா 46-48 செ.மீ. அளவு. சின்ன ஃப்ரேமைப் பெரிய பிள்ளைக்குச் சீட் போஸ்ட் ஏத்திச் சரி பண்ணலாம், ஆனா போஸ்ட்ல குறைஞ்சபட்சக் கோடு இருக்கும், அதைத் தாண்டி இழுக்கக்கூடாது. பெரிய ஃப்ரேமைச் சின்னப் பிள்ளைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. கிராங்க் (பெடல் கை) நீளம் 165 மி.மீ. இருக்கான்னு கேளுங்க, கடைக்காரர் 170 இருக்கிறதைத் தள்ளிவிடப் பார்ப்பார்.

பழசு வாங்கறதா இருந்தா அலுமினியம் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) போதும். பழைய கார்பன் ஃப்ரேம் வேண்டாம், உள்ள விரிசல் வெளிய தெரியாது. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற ஹெட் டியூப் சந்திப்பு, பாட்டம் பிராக்கெட் சுத்தி, செயினை ஒட்டிப் பின்சக்கரத்துக்குப் போற குழாய் இந்த இடங்கள்ல பெயின்ட் மயிரிழை வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சீட் போஸ்ட் அசையுதான்னு கழட்டிப் பாருங்க. வேர்வை உப்புல இறுகிப்போன போஸ்டை எடுக்கிறதுக்குள்ள உயிர் போகும். பின்னாலேருந்து பார்த்தா டிரெய்லியரோட (பின் கியரை மாத்துற கருவி) ரெண்டு குட்டிப் பல்சக்கரமும் கேசட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) ஒரே நேர்கோட்டுல நிக்கணும். சாஞ்சிருந்தா அதை ஃப்ரேமோட மாட்டியிருக்கிற ஹேங்கர் வளைஞ்சிருக்கு. அதை நிமிர்த்தாம கேபிளை எவ்வளவு திருகினாலும் கியர் விழாது.

முள்ளு: நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்தான் எதிரி. ரோட்டு ஓரம் செம்மண்ணுல இறங்கவே கூடாது, தண்ணி குடிக்க நின்னாலும் வண்டியைத் தூக்கி வைக்கணும். பஞ்சர் ஆனா டியூபை மாத்திட்டு அப்படியே ஓட்டுறாங்க, ரெண்டு கி.மீ.யில மறுபடியும் பஞ்சர். முள் முனை டயருக்குள்ளயே ஒடிஞ்சு நிக்கும், விரலுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சை டயர் உள்பக்கம் சுத்தித் தேய்ங்க. எங்கே பஞ்சு மாட்டுதோ அங்கே முள். பயிற்சிக்கு 28 மி.மீ.யில பஞ்சர் பெல்ட் வச்ச டயர். ரேஸுக்கு மட்டும் 25. வால்வு மூக்கு கழலுற டியூபா இருந்தா 30 மில்லி சீலன்ட் விட்டுக்கலாம்.

---

பி.இ.டி. கானாடுகாத்தான்:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அக்கா. 0.883 கணக்கை இன்னிக்கே போட்டுட்டேன். மூணு சீட்டும் 6 செ.மீ.க்கு மேல தாழ்ந்திருக்கு. அஞ்சு அஞ்சு மி.மீ.யா ஏத்துறேன்.

டிராக்குக்கும் போட்டி விதிக்கும் யாராவது சொல்லுங்க. இன்னொண்ணு, மாதவிடாய் நாள்ல ஓட்டலாமான்னு பெற்றோர் கேக்குறாங்க. போட்டிக்கு முந்தின நாள் சாப்பாடும் சொன்னா நல்லது.

---

வெலோட்ரோம் நடுவர்:

டிராக் பற்றி எழுதுகிறேன்.

டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, கோட்டைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் மிதிப்பதை நிறுத்துவது. பெடல் காலைத் தூக்கி எறிந்துவிடும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சரிவில் மேலே ஏறுங்கள், பெடலைப் பின்னோக்கி மெல்ல அழுத்துங்கள். இதற்கு வெலோட்ரோம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்ட உதவும் மூன்று உருளை வைத்த ரோலரை வாசற்படிச் சட்டத்துக்கு நடுவே வைத்து ஓட்டினால், இரண்டு பக்கமும் பிடிக்கச் சட்டம் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் அகலமான வளவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பழகும்வரை நிலைவாசல்தான் பாதுகாப்பு. பத்து நிமிடம் தடுமாறாமல் 100 சுற்றில் ஓட்டினால் டிராக்கில் பாதி வேலை முடிந்தது. செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளத்தை யாராவது சொல்வார்கள். அனுமதி இல்லாமல் மாணவிகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

செயின் இறுக்கம்: பின் அச்சை நட்டால் பூட்டும்போது, செயின் நடுவில் மேலும் கீழுமாக 10-லிருந்து 12 மி.மீ. ஆட வேண்டும். செயின்வீல் முழு வட்டமாக இருக்காது என்பதால், பெடலைச் சுற்றிப் பார்த்து மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் இந்த அளவைப் பாருங்கள். தளர்வாக விட்டால் வேகத்தில் செயின் கழன்று பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின் பல்சக்கரம் கழலாமல் பிடிக்கும் லாக் ரிங் இடதுமரை. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இது தெரியாமல் கழற்றிவிட்டு இறுக்கிவிட்டோம் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

கியர்: 23 மி.மீ. டயரோடு 48-15 என்றால் ஒரு சுற்றுக்கு 6.71 மீட்டர், 49-15 என்றால் 6.85, 48-14 என்றால் 7.19. முதல் வருட மாணவிகளுக்கு 48-15 அல்லது 49-15-க்கு மேல் வேண்டாம். 49-15-இல் 110 சுற்று மிதித்தாலே மணிக்கு 45 கி.மீ. வரும். சாதாரண சைக்கிளில் 100 சுற்று பழக்கச் சொன்னாரே தேவகோட்டைக்காரர், அதன் பயன் இங்கேதான்.

கோடுகள்: உள்விளிம்பிலிருந்து 20 செ.மீ.யில் கறுப்புக் கோடு. தூரம் அளக்கப்படுவது இதில்தான். 85 செ.மீ.யில் சிவப்பு, ஸ்பிரின்டர் கோடு. அதற்கும் மேலே நீலக் கோடு. கடைசி 200 மீட்டரில் முன்னால் போகிறவர் சிவப்புக் கோட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால், அவருக்கும் உள்விளிம்புக்கும் நடுவில் நுழைந்து முந்தக் கூடாது. அவரும் அந்தக் கோட்டை விட்டு வெளியே வந்து தடுக்கக் கூடாது. டிராக்கில் எப்போதும் இடஞ்சுழியாகத்தான் ஓட்டம், முந்துவது வலப்பக்கம். மேலே ஏறுமுன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மோதல்கள் பலவும் பார்க்காமல் ஏறியதால்தான்.

டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடிய வளாகத்து டிராக் 250 மீட்டர், மரத்தளம். இந்த வகை டிராக்கின் வளைவு 40 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். பார்த்ததும் பயந்து மெதுவாக ஓட்டுவார்கள். அப்போதுதான் டயர் வழுக்கும். வளைவில் மணிக்கு 30 கி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. தமிழ்நாட்டில் சென்னை மேலக்கோட்டையூரில் வெலோட்ரோம் உண்டு. போட்டிக்கு முன் இரண்டு மூன்று நாள் அங்கே ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று மாநிலச் சங்கத்திடம் கேட்டு வைப்பது நல்லது. நேரே போட்டி அன்று முதல் சரிவைப் பார்க்க வைக்காதீர்கள்.

எந்தப் போட்டி? ஆரம்பத்தில் டைம் ட்ரையல், தனிநபர் பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்தில் இருவர் கிளம்பும் போட்டி) இரண்டும் போதும். தனியாக ஓட்டுவது, மோதல் கிடையாது, நேரம்தான் தீர்ப்பு. எல்லாரும் ஒன்றாக ஓட்டும் ஸ்கிராட்ச், கடைசியில் வருபவரை ஒவ்வொருவராக நீக்கும் எலிமினேஷன் இரண்டும் கூட்டத்தில் ஓட்டும் தைரியம் வந்தபிறகு. உலக அளவில் 2025 முதல் எலைட் பெண்களுக்கு டைம் ட்ரையல் 500 மீட்டரிலிருந்து 1 கி.மீ., பர்சூட் 3 கி.மீ.யிலிருந்து 4 கி.மீ. ஆகிவிட்டது. பழைய பயிற்சி அட்டவணைகளைப் பார்த்து 500 மீட்டருக்கு மட்டும் தயார் செய்தால் பின்னால் சிரமம். இளையோர் பிரிவுத் தூரத்தை அந்தந்தப் போட்டியின் சுற்றறிக்கையில் பாருங்கள்.

வயது: சர்வதேசக் கணக்கில் போட்டி நடக்கும் வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழிக்க வேண்டும், பிறந்த தேதி பொருட்டில்லை. 17, 18 வந்தால் ஜூனியர். பள்ளி விளையாட்டுப் பிரிவுகள் 14, 17, 19 என்று வேறு கணக்கில் போகும். இரண்டையும் குழப்பி ஒரே மாணவியைத் தவறான பிரிவில் பதிவு செய்வது வருடாவருடம் நடக்கிறது. அண்ணா போட்டிக்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட வயதுச் சான்று அசலாக வேண்டும்.

திருப்பி அனுப்பும் காரணங்கள்: ஹெல்மெட் இல்லாதது, வார் தளர்ந்து தாடைக்குக் கீழே தொங்குவது, ஹேண்டில்பார் முனையில் மூடி இல்லாதது (விழுந்தால் அந்தக் குழாய் வயிற்றைக் கிழிக்கும், இதில் இரக்கமே காட்டக் கூடாது), கையில்லாத ஜெர்சி, 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டி, இது உங்களுக்கு வராத பிரச்சினை. 2026 முதல் சர்வதேச விதியில் ரோடு ரேஸ் ஹேண்டில்பாரின் வெளி அகலம் குறைந்தது 400 மி.மீ. இருக்க வேண்டும். சின்ன உடம்புப் பெண்களுக்கு இது அநியாயம் என்று வீராங்கனைகள் பலர் சொன்னார்கள். என் கருத்தும் அதுவே. கடையில் 38 என்று விற்பது கீழ்ப்பிடியில் குழாய் மையத்திலிருந்து மையம் வரையான அளவு என்றால், குழாயின் தடிமனும் சேர்ந்து வெளி அகலம் 400-ஐத் தாண்டிவிடும். 36 வாங்குமுன் டேப் வைத்து அளங்கள்.

இளையோருக்குக் கியர் வரம்பு வைக்கும் போட்டிகளும் உண்டு. சர்வதேச ஜூனியர் விதியில் 7.93 மீட்டர் என்ற வரம்பு 2023-இல் எடுக்கப்பட்டது, ஆனாலும் உங்கள் போட்டியின் அறிக்கையைப் படியுங்கள். சோதனை எளிது: பெரிய செயின்வீல், சிறிய பல். பெடலை நேர் கீழே வைத்துத் தரையில் குறியிட்டு, வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி, பெடல் ஒரு முழுச் சுற்று வந்ததும் தூரத்தை அளப்போம். 52-14 கூட 25 மி.மீ. டயரில் 7.82, 28 மி.மீ. டயரில் 7.93. டயரை மாற்றிவிட்டு அளக்காமல் வருபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

---

ரோலர் அக்கா:

மாதவிடாய் நாள்ல ஓட்டலாம். அதுல மருத்துவத் தடை ஒண்ணும் கிடையாது. முதல் நாள் வயித்துவலி அதிகமா இருந்தா அன்னிக்குக் கடும் பயிற்சியைப் புதன்கிழமை லேசான ஓட்டத்தோட மாத்திக்கங்க. தடிமனான நாப்கின் ஓரம் தொடையில உரசும். ஒல்லியானது, ஷார்ட்ஸ் பேடு மேல ஒட்டி வைக்கிற மாதிரி இருந்தா நகராது. பெற்றோருக்கு நான் சொல்லச் சொல்றது வேற விஷயம்: வழக்கமா வந்துகிட்டிருந்த மாதவிடாய் மூணு மாசம் நின்னுட்டா அது ‘பயிற்சி பண்றதால சகஜம்’ இல்லை. சாப்பாடு போதலைங்கிற எச்சரிக்கை, எலும்புல கை வைக்கும். டாக்டர்கிட்டப் போகணும்.

ரத்தத்துல ஹீமோகுளோபின் பாருங்க. 12-க்குக் கீழே இருந்தா எந்தப் பயிற்சியும் ஏறாது, மூச்சு வாங்கிக்கிட்டே இருக்கும்; கோச் சோம்பேறின்னு திட்டுவார். முருங்கைக்கீரை, சுண்டல், ஈரல் சாப்பிட்டதும் டீ குடிச்சா இரும்புச்சத்து ஏறாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ நல்லது. மாத்திரை டாக்டர் சொன்னா மட்டும்.

போட்டிக்கு முந்தின ராத்திரி செட்டிநாட்டுக் கோழியும் மிளகு வறுவலும் வேண்டாம், ஜெயிச்சப்புறம் வச்சுக்கலாம். இடியாப்பமோ சோறோ, பருப்போ ரசமோ போதும். காலையில ஸ்டார்ட்டிங்குக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால நாலு இட்லி, சட்னி வேணாம், கொஞ்சம் சர்க்கரை தொட்டு. அரை மணி முன்னால ஒரு வாழைப்பழம். 15 கி.மீ. போட்டி முப்பது சொச்ச நிமிஷம்தான், நடுவுல எதுவும் சாப்பிடத் தேவையில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டுற ரோடு ரேஸ்னா மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது போகணும். ஒரு வாழைப்பழம் கிட்டத்தட்ட அந்த அளவு. கடலைமிட்டாய் ரேஸ் நடுவுல வேண்டாம், கொழுப்பு ஜாஸ்தி, மெல்லவும் முடியாது, புரையேறும். தண்ணி பாட்டில்ல ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாம் தலைதட்டி. போட்டி அன்னிக்கு முதல் தடவையா எதையும் குடிக்கவும் திங்கவும் கூடாது, பயிற்சியில பழகினது மட்டும்.

---

பி.இ.டி. கானாடுகாத்தான்:

கடைசியா ஒண்ணு. ஒரே வண்டியை டைம் ட்ரையல்ல மூணு பேருக்கு மாத்தணும்னா, ஒவ்வொரு தடவையும் டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்கணுமா?

---

தேவகோட்டை சைக்கிள் கடை:

வேணாம் டீச்சர். சீட் போஸ்ட்ல மூணு கலர் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிடுங்க, ஒவ்வொருத்திக்கும் ஒரு கலர். டேப்போட கீழ் விளிம்பு ஃப்ரேம் வாய்க்கு மேல சரியா நிக்கணும்னு பேசி வச்சுக்கங்க. முழுச் சுத்து ஒட்டினா சீட்டை இறக்குறப்போ மத்த டேப் குழாய்க்குள்ள போய்ச் சுருளும். அதனால டேப்பைப் போஸ்ட் முன்பக்கம் மட்டும் பாதிச் சுத்தா ஒட்டி, ஓரத்துல ஆணியால மெல்லிசா ஒரு கீறலும் போட்டுடுங்க. அலுமினியம் போஸ்ட்டுக்கு மட்டும்தான் கீறல், கார்பன்னா வெள்ளை மார்க்கர். உயரமானவளை முதல்ல அனுப்புங்க, அப்புறம் இறக்கிக்கிட்டே வரலாம். கிளாம்ப் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும். அவசரத்துல முறுக்கினா மரை போயிடும், கையில ஒரு உபரி போல்ட் வச்சுக்கங்க.